கல்லுக் கொந்தராத்து

அரசாங்க ஏசண்டு துரையின் கச்சேரி விறாந்தையில் கிடந்த ஒரே வாங்கில் ஆண்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தபடியால் இராசாத்தி தூணோடு சாய்ந்து நின்றாள். விடியப்புறம் வெளிக்கிட்டு, கரவெட்டியிலிருந்து வண்டியில் யாழ்ப்பாணம் வந்து சேர்வதற்குள் இடுப்பு கழன்றுவிட்டது. வாங்கின் ஒரு நுனியில் அவளுடைய புருசன் சீவரத்தினம். மற்ற நுனியில் அவளுடைய தமையன் முத்துக்குமாரு. ஒருவர் கிழக்கே பார்த்தால் மற்றவர் மேற்கே பார்த்தார். நடுவில் இருந்த யாரோ மூன்று பேர், பாவம், இந்தக் குடும்பச் சண்டைக்கு வேலியாக அகப்பட்டிருந்தார்கள்.

எல்லாம் றோட்டுக் கல்லால் வந்த வினை. கரவெட்டியைச் சுற்றியுள்ள றோட்டுகளுக்குச் சல்லிக்கல் உடைத்துக் கொட்டுகிற கொந்தராத்து வருசக்கணக்காக முத்துக்குமாருவின் கையில்தான் இருந்தது. தங்கச்சியைக் கட்டியவனாயிற்றே என்று சீவரத்தினத்தை வண்டிகளுக்குப் பொறுப்பாக வைத்திருந்தான். வைத்திருந்தானே தவிர மதிக்கவில்லை. கூலிக்காரருக்கு முன்னாலேயே 'டேய்' என்றுதான் கூப்பிடுவான். சீவரத்தினம் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தான். இந்த முறை றோட்டுக் கமிட்டி கேள்விப் பத்திரம் கேட்டபோது தானும் ஒன்று போட்டான். மச்சானின் வரவு செலவெல்லாம் தெரிந்தவன், பார்த்துக் குறைத்தே போட்டான். கொந்தராத்து அவனுக்கு ஆகிவிட்டது.

முத்துக்குமாரு சும்மா இருப்பானா? ஒரு பிறக்கிராசியாரைப் பிடித்துச் சட்டம் கேட்டு, ஏசண்டு துரைக்குப் பெட்டிசம் எழுதுவித்தான். கொந்தராத்துக்குப் பிணையாக வைத்த முதிரையடித் தோட்டம் சீவரத்தினத்தின் சொத்தல்ல, என் தங்கச்சியின் சீதனம். அவளுடைய சம்மதமில்லாமல் வைத்திருக்கிறான். ஆகையால் கொந்தராத்துச் செல்லாது. இதுதான் பெட்டிசத்தின் சாரம். அத்தனையும் உண்மை. பெட்டிசம் வந்த பிறகுதான் இராசாத்திக்கே விஷயம் தெரியும். கல்லு வேலை பிழைத்தால் தோட்டம் ஏலத்துக்குப் போகும். அது அம்மா தந்தது, நாளைக்கு மகளுக்குப் போக வேண்டியது. இராசாத்திக்கென்று இந்த உலகத்தில் இருப்பது அந்தத் தோட்டத்துக் கிணறும் அதைச் சுற்றியுள்ள மண்ணும்தான்.

தமையன் அவளைத் தேடி வந்து, "உள்ளதைச் சொன்னால் போதும் பிள்ளை. உன்ரை காணியைக் காப்பாத்தத்தான் நான் ஓடித்திரியிறன்," என்றான். அவன் காணிக்காக ஓடுகிறானா கல்லுக்காக ஓடுகிறானா என்று அவளுக்குத் தெரியாதா என்ன?

புருசன் இன்றைக்கு வண்டியில் வரும்போது நீர்வேலி வாழைத்தோட்டங்கள் கழிந்த பிறகு மாட்டின் முதுகைப் பார்த்தபடி, "துரை கேட்டால் ஓம் எண்டு சொல்லு. உன்ரை அண்ணனிட்டை இனியும் பேச்சு வாங்க என்னாலை ஏலாது," என்றான்.

அந்த ஒரு சொல்லில் அவள் இளகிப்போனாள். அவன் பட்ட அவமானமெல்லாம் அவள் கண்ணால் கண்டதுதான். காணி போனால் போகட்டும், மனிசன் தலை நிமிர்ந்து நடக்கட்டும். ஓம் என்று சொல்லிவிடுவதென்று முடிவு கட்டிக்கொண்டுதான் அந்தத் தூணில் சாய்ந்திருந்தாள்.

உள்ளே கூப்பிட்டார்கள். துரை வியர்த்துப்போய் இருந்தார். தமிழில் கேட்டுச் சொல்வதற்குப் பக்கத்தில் ஒரு முதலியார். அவர் பிணையுறுதியை இராசாத்தியின் பக்கம் திருப்பி வைத்தார்.

"இது உம்மடை கைநாட்டோ?"

சீவரத்தினத்தின் கையெழுத்துக்குக் கீழே அகலமான ஒரு பெருவிரல் அடையாளம். பார்த்ததும் விளங்கிவிட்டது. போன மாதம் சீவரத்தினத்தின் தமக்கை இராசாத்தியின் நல்ல சேலையை இரவல் வாங்கி உடுத்துக்கொண்டு, தம்பியோடு பருத்தித்துறைக்குப் போய் வந்தது அவளுக்குப் பதிலாக இந்தப் பெருவிரலை வைக்கத்தான். பரவாயில்லை, அதையும் விழுங்கலாம்.

"உமக்கு எழுத வாசிக்கத் தெரியாதெண்டு உம்மடை புருசன் சொல்லுறார். அதாலைதான் பெருவிரல். அப்பிடித்தானே?"

இராசாத்தி திரும்பிச் சீவரத்தினத்தைப் பார்த்தாள். அவன் தலையை ஆட்டித் தைரியம் சொன்னான். அவன் பொய் சொல்லும்போது முகம் எப்படிப் போகும் என்று அவளுக்குத் தெரியும். இது அந்த முகமில்லை. அவளுக்கு எழுதத் தெரியாது என்று அவன் உண்மையாகவே நம்பிக்கொண்டிருந்தான்.

மிசன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள் அவள். வினிபிரட் ரீச்சர் மெச்சிய கையெழுத்து. கலியாணப் பதிவில் அவனுக்குப் பக்கத்தில் நின்றுதான் பேரை எழுதினாள். மாப்பிள்ளை ஐயா அந்த நேரம் சீதனத்தோடு வந்த நாம்பன் மாட்டின் கொம்பைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பார். மகளுக்கு அரிச்சுவடி சொல்லிக்கொடுத்தது யார்? கோயில் நோட்டீசை அடுப்படியில் இருந்து வாசிக்கிறது யார்? இத்தனை வருசம் அதே வீட்டில் சோறு தின்றவனுக்கு இது தெரியவில்லை. கேளாமல் காணியை வைத்ததைப் பொறுத்தவளுக்கு இதைப் பொறுக்க முடியவில்லை. தொண்டை வரை வந்த ஓம் அங்கேயே நின்றுவிட்டது.

"எனக்கு எழுதத் தெரியும், ஐயா," என்றாள்.

துரை பேனையை நீட்டினார். அவள் முழுப் பேரையும் எழுதினாள்.

அதற்குப் பிறகு ஒன்றும் நேரமெடுக்கவில்லை. சீவரத்தினத்தின் கொந்தராத்து ரத்து, அடுத்தபடியாகக் குறைத்துக் கேட்ட முத்துக்குமாருவுக்கு அது போகும், பொலிசுக்கு அனுப்பாமல் இந்த ஒருமுறை விடுகிறேன் என்று துரை தீர்த்துவிட்டார். சீவரத்தினம் சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனான். அவள் பின்னால் ஓடிப் படலை வாசலுக்கு வந்தபோது வண்டி நின்ற இடத்தில் கொஞ்சம் வைக்கோல்தான் கிடந்தது.

முத்துக்குமாருவுக்கு வாயெல்லாம் பல். "கெட்டிக்காரி! இதிலை நில்லு பிள்ளை, பிணை எழுதிப்போட்டு இந்தா வாறன்," என்று பிறக்கிராசியாரின் காரில் ஏறிப் போனான். மத்தியானம் போயிற்று. வெயில் சரிந்தது. மறந்துவிட்டான் என்று முதலில் நினைத்தாள். என் சீதனம் மட்டும் எப்படி மறக்காமல் இருந்தது என்று பிறகு நினைத்தாள். அவளுக்குக் கோபப்படக்கூடச் சக்தி இல்லை. அலுப்பாக இருந்தது, அவ்வளவுதான். மகளை மாமியாரிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள். அந்த வீட்டுக்கு இந்நேரம் சீவரத்தினம் போய்ச் சேர்ந்திருப்பான்.

கச்சேரியின் கதவுகளைச் சாத்தத் தொடங்கியதும் முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சில்லறையை எடுத்துக்கொண்டு நடந்து, பருத்தித்துறை பஸ்ஸில் ஏறினாள்.

"எங்கை அம்மா?" என்றான் கொண்டக்டர்.

"கரவெட்டி."

"கரவெட்டியிலை எவடம்?"

கோயிலடி என்றால் புருசன் வீடு. சந்தி என்றால் தமையன் வீடு.

"கிட்டப் போனபிறகு சொல்லுறன், தம்பி."

ஊர் கிட்ட வந்தது. றோட்டின் இரண்டு கரையிலும், ஓவசியர் அளப்பதற்காகத் தட்டி நிரவிய சல்லிக்கல் குவியல்கள் மைம்மல் இருட்டில் வெள்ளையாகத் தெரிந்தன. தமையனுடைய கல், புருசன் நின்று கொட்டுவித்த கல். ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டே இருந்தன. கொண்டக்டர் பஸ்ஸை நிறுத்தத் தட்டுவதற்குக் கையை ஓங்கியபடி அவளுடைய வாயையே பார்த்துக்கொண்டு நின்றான்.