உலகத்தில் மிச்சமிருந்த நாலாவது கிட்டார்

மதுரங்குளியில் செய்னுலாப்தீன் ஹாஜியாரின் வீட்டில் இரவும் பகலும் ஏசி ஓடுகிற அறை ஒன்று உண்டு. அதில் மனிதர் யாரும் படுப்பதில்லை. பதினொரு பழைய கிட்டார்கள் இருக்கின்றன. சுவரில் ஈரப்பதம் காட்டும் கருவி ஒன்று. அதன் முள் ஐம்பதைத் தாண்டினால் ஹாஜியாருக்கு நெஞ்சு படபடக்கும். பக்கத்து அறையில் அவருடைய மனைவி றம்ஸியா பழைய கலண்டர் மட்டையால் விசிறிக்கொண்டு படுத்திருப்பார். அவருடைய ஈரப்பதத்தை அளக்க அந்த வீட்டில் கருவி எதுவும் இல்லை.

ஹாஜியார் கட்டார் நாட்டில் இருபத்திரண்டு வருடம் ஒரு கம்பனிக்குக் குழாயும் வால்வும் வாங்கிக் கொடுத்தவர். ஊருக்கு வந்தபிறகு "சேகரிப்பாளர்" ஆனார். பதினொன்றில் ஒன்றைக்கூட அவருக்கு வாசிக்கத் தெரியாது. "என்ன ஹாஜியார், ஹஜ்ஜும் செஞ்சிட்டு வீட்டுல இதுகள வெச்சிருக்கீங்க?" என்று பள்ளிவாசல் படியில் யாராவது கேட்டால், "நான் எங்க வாசிக்கிறன்? பாத்துக்கிட்டுத்தானே இரிக்கிறன்" என்பார். மார்க்கத்துடனும் சங்கீதத்துடனும் ஒரே நேரத்தில் பகைக்காமல் வாழ அவர் கண்டுபிடித்த வழி அது.

வாசிப்பதற்குப் பதிலாக அவர் முகர்வார். கிட்டாரின் வயிற்றில் உள்ள வட்ட ஓட்டைக்குள் மூக்கை விட்டு, கண்ணை மூடி, நீளமாக மூச்சை இழுத்து, "அறுபத்திரெண்டு... இல்ல, அறுபத்தொண்டு" என்று ஆண்டைச் சொல்வார். மறுத்துப் பேச விரும்புகிறவரும் மூக்கை உள்ளே விட்டாக வேண்டும். இதுவரை யாரும் விட்டதில்லை.

அவருடைய பெருமையின் உச்சி மூன்று கிட்டார்கள். மூன்றின் வயிற்றுக்குள்ளும் "கிரேஃபன்பாக்" என்ற ஜெர்மன் பெயரையும் 1961 என்ற ஆண்டையும் அச்சிட்ட மஞ்சள் காகிதம் ஒட்டியிருக்கும். உலகத்திலேயே இந்த வகையில் நான்குதான் மிச்சம் என்று, அவற்றை விற்ற கொழும்பு வியாபாரி சொல்லியிருந்தான். உலகத்தில் மிச்சமான நாலில் மூன்று எப்படி மதுரங்குளிச் சந்திக்கு வந்து சேர்ந்தன என்று ஹாஜியார் யோசித்ததில்லை. வரவேண்டிய இடத்துக்குத்தான் வந்திருக்கின்றன என்றே நினைத்தார். நாலாவதும் வந்துவிட்டால் ஒரு பத்திரிகைக்காரனைக் கூப்பிடலாம் என்று காத்திருந்தார்.

நாலாவது, கற்பிட்டியில் றிம்ஸானின் வீட்டு அலுமாரிக்கு மேல் கிடந்தது.

றிம்ஸான் கடற்கரை ஹோட்டல் ஒன்றில் மூன்றுபேர் குழுவில் கிட்டார் வாசிக்கிறவன். மே மாதம் காற்று எழும்பினால் பட்டத்தைப் பிடித்துக்கொண்டு கடலில் சறுக்க வெள்ளைக்காரர்கள் வருவார்கள். பின்னேரங்களில் மேசைக்கு மேசை போய் அவர்களுக்குப் பாடவேண்டும். அவர்களைக் கூட்டிவருகிற அதே காற்று கிட்டாரின் சத்தத்தை அள்ளிக்கொண்டு தென்னந்தோட்டத்துக்குள் போய்விடும். இந்தமுறை ஹோட்டல் மனேஜர் கதையைச் சுருக்கிவிட்டார்: "ஸ்பீக்கருக்கு வயர் குத்துற கிட்டாரோட வா. இல்லாட்டி சிலாபத்துல ஒருத்தன் இருக்கான், அவன்ட அது இரிக்கி."

சீசனுக்கு மூன்று கிழமை இருந்தது. சீசன் ஆறு மாதம். மற்ற ஆறு மாதமும் வீடு அந்த ஆறு மாதத்தைத்தான் தின்னும். புதுக் கிட்டாரின் விலையைப் புத்தளத்துக் கடையில் கேட்ட றிம்ஸான், கடைக்காரருக்கு ஸலாம் சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டான். அவனிடம் இருந்தது ஆறு வருடத்துக்கு முன் ஒரு கல்யாண வீட்டு வாத்தியக்காரனிடம் வாங்கிய பழையது. சத்தம் நல்லது. தந்திகள் கட்டியிருக்கும் கட்டைக்குக் கீழே ஒரு சாண் நீளத்துக்கு வெடிப்பு. வயர் குத்த இடமில்லை. வேறு வழி தெரியாமல், உள்ளே இருந்த மஞ்சள் காகிதத்தையும் சேர்த்துப் படம் பிடித்து பேஸ்புக்கில் போட்டான். "மாற்றவோ விற்கவோ" என்று எழுதினான்.

மறுநாளே வாசலில் வெள்ளைக் கார் நின்றது.

ஹாஜியார் கைகழுவத் தண்ணீர் கேட்டார். துடைத்தார். பையிலிருந்து வெள்ளைத் துணிக் கையுறை எடுத்து மாட்டினார். றிம்ஸானின் மனைவி ஃபஸ்னா, மரண வீட்டுக்கு மையித்துக் குளிப்பாட்ட வந்தவரைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். ஹாஜியார் மூக்கை உள்ளே விட்டார்.

"அறுபத்தொண்டு."

"உள்ளுக்கு எழுதியும் இரிக்கி ஹாஜியார்" என்றாள் ஃபஸ்னா, தேத்தண்ணியை வைத்தபடி.

"எழுதினத ஆரும் வாசிப்பாங்க மகள். மணத்த வாசிக்கணும்."

பிறகு மரத்தைப் பற்றிச் சொன்னார். பனிமலையில் நின்ற மரம், மெல்ல வளர்ந்த மரம், வெட்டியபிறகும் மூச்சு விடுகிற மரம். தேத்தண்ணி ஆடை கட்டும்வரை அந்த மரம் மூச்சு விட்டுக்கொண்டே இருந்தது. கடைசியில் அவருடைய கையுறை விரல் வெடிப்பின் மேல் மெதுவாகப் போனது. கண் கலங்கியது. ஒரு பெருமூச்சு விட்டார்.

உண்மையில் அவர் பரவசத்தில் இருந்தார். அறுபது வருட வெடிப்பு, எவன் கையும் படாத வெடிப்பு! றிம்ஸானுக்கு அது தெரியவில்லை. பழுதுபட்ட மீனைக் கொடுத்து அகப்பட்டவன்போல் அவன் கூசிப்போனான்.

காரிலிருந்து ஹாஜியார் ஒரு கறுப்புக் கிட்டாரை எடுத்துவந்தார். புதுசு. பக்கத்தில் வயர் குத்த ஓட்டை. மருமகன் கொண்டுவந்து கொடுத்ததாம். "இதயெல்லாம் என்ட அறைக்குள்ள வெக்க எனக்கு வெக்கமா இரிக்கி. இத நீ எடு, அத நான் எடுக்கிறன். ஞாயித்துக்கெழம வாறன். பத்திரம்" என்று சொல்லி, கறுப்பைத் திரும்பக் காரில் வைத்துக்கொண்டு போனார்.

"மாத்துவமா?" என்றான் றிம்ஸான்.

"வேறென்ன செய்யப் போறீங்க?"

"இதுட சத்தம் அதுல வராது ஃபஸ்னா."

"இதுட சத்தத்த இவ்வளவு நாளும் காத்துதானே கேட்டுச்சு. மனேஜர் கேட்டாரா? இத வெச்சிருந்தீங்கண்டா மே மாசம் சிலாபத்தான் வந்து நிப்பான். நீங்க ஊட்டுல இருந்து எனக்கு வாசிச்சிக் காட்டுங்க."

அதோடு முடிவானது. ஆனால் அந்த வெடிப்பும் ஹாஜியாரின் பெருமூச்சும் றிம்ஸானை விடவில்லை. இந்தக் கரையில் படகு கைமாறும்போது யாரும் ஓட்டையோடு கொடுப்பதில்லை. விற்கிறவன் தன் செலவில் ஒட்டி, தேய்த்து, பெயின்ட் அடித்து, லைசன் கடதாசிகளையும் சேர்த்துக் கையில் கொடுப்பான். அப்படியே தள்ளிவிடுகிறவனுடன் பிறகு எவனும் கொடுக்கல் வாங்கல் வைக்கமாட்டான். வாங்க வருபவர் ஒரு ஹாஜியார், கண்ணே கலங்கிவிட்டது. சும்மா கொடுப்பது மரியாதையா?

வியாழக்கிழமை காலையில் அவன் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு மாம்புரிக்குப் போனான். அங்கே உடப்பு ஊரைச் சேர்ந்த வீரகத்தி பைபர் படகு கட்டுகிற கொட்டில் இருக்கிறது. அவர் ஒட்டிய இடம் மறுபடி வெடித்ததாக அந்தக் கரையில் ஒருவரும் சொன்னதில்லை.

"என்ன தம்பி, போட் சிறுத்துப் போச்சு?"

"வெடிப்பு அண்ணன். ஞாயித்துக்கெழம கைமாத்தணும். பெரிய ஆள் ஒருத்தருக்கு."

வீரகத்தி விரலால் தட்டிப் பார்த்தார். "பெரிய ஆளெண்டா ஒண்டுக்கு மேல ஒண்டா ரெண்டு பட பைபர் போடுவம்" என்றார்.

சனிக்கிழமை பின்னேரம் றிம்ஸான் போனபோது கிட்டார் வான்நீலத்தில் பளபளவென்று தொங்கியது. அந்த வாரம் இறங்கிய இரண்டு படகுகளுக்கும் அதே நீலம். முன்பக்கத்தில் ஒரு வெள்ளைப் பட்டை.

"பேர் எழுத இடம் விட்டிருக்கிறன்" என்றார் வீரகத்தி. "வாங்கிறவர் தன்ட விருப்பத்துக்கு எழுதட்டும்."

வெடிப்பு எங்கே இருந்ததென்றே தெரியவில்லை. றிம்ஸான் தந்தியை மீட்டிப் பார்த்தான். சத்தம் எங்கேயோ தூரத்தில், மூடிய கதவுக்குப் பின்னால் கேட்டது. ஆனாலும் வேலை சுத்தம்.

வீரகத்தி ஒரு பொலித்தீன் உறையை நீட்டினார். "உள்ளுக்குச் சுரண்டேக்க கடதாசி கழண்டிட்டு. அதுக்குக் கீழ இன்னொரு கடதாசி. ரெண்டையும் காயவச்சு எடுத்து வச்சன். போட் போனா பேப்பரும் கூடப் போகோணும்."

ஞாயிற்றுக்கிழமை ஹாஜியார் கையுறையோடு வந்தார். கிட்டாரை மூடியிருந்த துணியை அவரே மெல்ல விலக்கினார்.

துணிக்குள் வேறு கிட்டார் ஏதும் இருக்கிறதா என்று உதறிப் பார்த்தார்.

"இது... என்ன?"

"உலகம் அழியிற கியாமத்து நாள் வரைக்கும் இனி வெடிக்காது ஹாஜியார்" என்றான் றிம்ஸான். "ரெண்டு பட."

பழக்கதோஷத்தில் ஹாஜியார் மூக்கை உள்ளே விட்டார். காயாத ரெசின் மணம் மண்டைக்குள் ஏற, ஆறு தும்மல் தும்மினார்.

"அறுபத்தொண்டா ஹாஜியார்?" என்று ஃபஸ்னா கேட்டாள். அவள் உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள் என்று பிறகு சொன்னாள். யாரும் நம்பவில்லை.

"அறுபது வருஷம்! அறுபது வருஷத்த நீலப் பெயின்ட் அடிச்சிக் கொன்னுட்டியே! அந்த வெடிப்புட பெறுமதி ஒனக்குத் தெரியுமா? ஜெர்மன்காரன் கேட்டா அழுவான்!"

ஜெர்மன்காரன் அழுவது றிம்ஸானுக்குப் பிரச்சினை இல்லை. கறுப்புக் கிட்டார் காரை விட்டு இறங்கவில்லை என்பதுதான் தெரிந்தது. சிலாபத்தான் ஹோட்டல் மேசைகளுக்கு நடுவே நடப்பது கண்ணுக்கு முன்னால் வந்தது.

"ஹாஜியார், ஒண்டும் தொலையல்ல" என்று ஃபஸ்னா பொலித்தீன் உறையை ஓடிப்போய் எடுத்துவந்தாள். "பேப்பரெல்லாம் பத்திரமா இரிக்கி. பாருங்க."

ஹாஜியார் பார்த்தார். முதலில் மஞ்சள் காகிதம்: கிரேஃபன்பாக், 1961. அதைத் திருப்பினார். பின்பக்கத்தில் ஐந்தாம் ஆண்டு புலமைப்பரிசில் வகுப்புக்கான விளம்பரத்தின் பாதி இருந்தது. "பரீட்சையில் சித்தி நிச்சயம்" என்று போட்டிருந்தது. கீழே இருந்த அடுத்த காகிதத்தில் நீர்கொழும்புப் பக்கத்துப் பட்டறை ஒன்றின் விலாசம், 1996 என்ற ஆண்டு, தொலைபேசி இலக்கம்.

"போன் நம்பரும் போட்டிருக்கான்" என்றான் றிம்ஸான். "நல்ல மனுஷன்போல."

ஹாஜியார் கதிரையில் உட்கார்ந்தார். தண்ணீர் கேட்டார். இந்தமுறை கைகழுவ அல்ல. குடித்துவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார். கறுப்புக் கிட்டாரும் போய்விட்டது.

அன்றைக்கு றிம்ஸான் சோறு தின்னவில்லை. திங்கட்கிழமை மனேஜர் ஃபோன் எடுத்து, "சாமான் ரெடியா? நாளைக்குப் பின்னேரம் சொல்லு" என்றார். "இன்ஷா அல்லாஹ்" என்றான். அந்தச் சொல்லை அவன் அவ்வளவு பாரமாக ஒருநாளும் சொன்னதில்லை.

செவ்வாய்க்கிழமை லுஹர் தொழுகைக்குப் பிறகு வெள்ளைக் கார் திரும்ப வந்தது. கையுறை இல்லை. ஹாஜியார் கறுப்புக் கிட்டாரைத் தானே தூக்கிவந்து கதிரையில் சாய்த்து வைத்தார்.

"தம்பி, யோசிச்சிப் பாத்தன். நீ ஏழ. இத நீ எடு."

"நீலத்த எடுத்துக்கிட்டு வரவா ஹாஜியார்?"

"வேணாம் வேணாம். அதயும் நீயே வெச்சிக்க." குரலைத் தாழ்த்தினார். "அந்தக் கடதாசி ரெண்டயும் மட்டும் தா."

"கடதாசியா? அது என்னத்துக்கு?"

"ஒரு... ஆவணமா இரிக்கட்டும். வேற ஆருக்கும் காட்டினீங்களா?"

"வீரகத்தி அண்ணன் பாத்தார். அவர் போட் லைசன்தான் வாசிப்பார்."

றிம்ஸானுக்கு அப்போதுதான் ஒரு நல்ல எண்ணம் வந்தது. நல்ல எண்ணங்கள் அவனுக்கு எப்போதும் தப்பான நேரத்தில்தான் வரும். "ஹாஜியார், ஒங்கட்ட இரிக்கிற மூணையும் ஒருக்கா சுரண்டிப் பாப்பமா? வீரகத்தி அண்ணன்ட சொன்னா—"

"அதெல்லாம் அசல்!" என்று ஹாஜியார் கத்தினார். தெருவில் போன பூனை நின்று திரும்பிப் பார்த்தது.

உள்ளேயிருந்து ஃபஸ்னா வந்தாள். கடதாசிகள் இருந்த பொலித்தீன் உறை அவள் கையில் இருந்தது. ஆனால் நீட்டவில்லை. புருஷனுக்கு விளங்காத அந்தக் கடதாசிகளின் விலை அவளுக்கு ஞாயிற்றுக்கிழமையே விளங்கிவிட்டிருந்தது.

"இதுட வயர் எங்க ஹாஜியார்?"

"என்ன வயர்?"

"குத்துற வயர். அது இல்லாம இத வெச்சி என்ன செய்ய? உறையும் இரிக்கும்தானே, மழைக்குப் போட?"

ஹாஜியார் காருக்குப் போய் வயரையும் தோல் உறையையும் எடுத்துவந்தார். ஃபஸ்னா இரண்டையும் வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் கடதாசிகளைக் கொடுத்தாள். அவர் அவற்றை நான்காக மடித்து, சட்டைப் பைக்குள் வைத்து, மேலே கையால் அமர்த்தினார். பதினொரு கிட்டாரில் எதையும் அவர் அவ்வளவு நெருக்கமாகப் பிடித்திருக்கமாட்டார்.

மே மாதம் காற்று வந்தது, வெள்ளைக்காரர் வந்தார்கள். "இப்பதான் கிட்டார்!" என்றார் மனேஜர். பிளாஸ்டிக் வாளியைத் தட்டுவதுபோல இருந்தாலும் கறுப்பின் சத்தம் ஸ்பீக்கருக்குள்ளால் கடைசி மேசைவரை போனது. சிலாபத்தான் சிலாபத்திலேயே இருந்தான். நீலக் கிட்டாரை றிம்ஸான் வீரகத்தியின் கொட்டிலில் தொங்கவிட்டான். படகு காயும்வரை காத்திருக்கிறவர்கள் எடுத்துத் தட்டுவார்கள். மழையில் நனைந்தது, ஒருநாள் கடலிலும் விழுந்தது. ஒன்றும் ஆகவில்லை.

ஜூன் மாதத்துப் பத்திரிகை ஒன்றில் முக்கால் பக்கத்துக்கு ஹாஜியார் வந்தார். படத்தில் அவருடைய மூக்கு ஒரு கிட்டாருக்குள் இருந்தது. றிம்ஸான் அதைக் கொட்டிலுக்குக் கொண்டுபோய் வீரகத்திக்கு உரத்து வாசித்தான்.

"உலகில் எஞ்சியிருந்த நான்கு கிரேஃபன்பாக் கிட்டார்களில் ஒன்று, அண்மையில் புத்தளம் கரையோரத்தில் நிகழ்ந்த அனர்த்தமொன்றில் முற்றாக அழிந்துபோனமை உலக இசைக்கே பேரிழப்பாகும். இதனால் தம்மிடமுள்ள மூன்றின் பெறுமதி பலமடங்கு உயர்ந்துள்ளதாக அவர் கண்கலங்கக் கூறினார்."

வீரகத்தி வேலையை நிறுத்தினார். "அனர்த்தமா? இஞ்சயா? எப்ப தம்பி? எங்களுக்கு ஒரு அறிவித்தலும் வரல்லயே."

றிம்ஸான் அவரைப் பார்த்தான். அவருடைய கையில் இருந்த நீலத் தூரிகையைப் பார்த்தான்.

"நீங்கதான் அண்ணன் அது."

வீரகத்திக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. விளங்கியபின் எழுந்து, தூரிகையைக் கழுவித் துடைத்து, சிவப்புப் பெயின்டுக்குள் தோய்த்தார். தொங்கிய கிட்டாரை இறக்கி மடியில் வைத்துக்கொண்டு, இவ்வளவு நாளும் வெறுமையாகக் கிடந்த வெள்ளைப் பட்டையில், படகுக்கு எழுதுகிற அதே கொட்டை எழுத்தில் எழுதினார்:

அனர்த்தம்.