பன்னிரண்டு ‘அ’வில் பதினொரு நாள்

நனைந்து காய்ந்த புத்தகம் மூடாது. எவ்வளவு அழுத்தினாலும் வாயைத் திறந்துகொண்டே இருக்கும். எங்கள் வீட்டுக் குட்டைச் சுவரின் மேல் அப்படி ஆறு புத்தகங்கள் இருந்தன, வெயிலில், வரிசையாக.

நவம்பர் வெயில். மழை விட்ட மறுநாள் வருகிற வெயில். ஒன்றுமே நடக்காத மாதிரி அடிக்கும்.

இயற்பியல் உப்பிப் போயிருந்தது. தமிழ் தப்பித்தது, அது மேலே இருந்தது. வேதியியல் ரெக்கார்டு நோட்டு மட்டும் காயவைக்கவே லாயக்கில்லாமல் கூழாகிவிட்டது. அதில் நாற்பது பக்கம் எழுதியிருந்தேன்.

பள்ளி திறந்து மூன்று நாள் ஆகியிருந்தது. நான் போகவில்லை.

•

விடுமுறை என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். கலெக்டர் விட்ட விடுமுறை. காலை ஆறு மணிக்கே எழுந்து போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போமே, அந்த விடுமுறை. முதல் நாள் எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. பொய் சொல்வானேன்.

இரண்டாம் நாள் ஆறு எங்கள் தெருவுக்குள் வந்தது. இடுப்பளவு வந்து நின்றது. மதியம் எங்களை எல்லாம் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போனார்கள்.

ஊரில் அத்தனை பிள்ளைகளுக்கும் விடுமுறை. எனக்கு மட்டும் பதினொரு நாளும் பள்ளிக்கூடம்.

அதுவும் எங்கள் வகுப்பறையிலேயே. பன்னிரண்டு ‘அ’. பெஞ்சுகளை வராந்தாவில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றிவிட்டு, ஐந்து குடும்பங்களுக்கு ஒரு அறை என்று பிரித்துக் கொடுத்தார்கள். அப்பா, அம்மா, நான். ஜன்னல் ஓரத்து இடம் எங்களுக்குக் கிடைத்தது.

ஜன்னல் ஓரம், மூன்றாம் பெஞ்சு. நானும் ஆஃப்ரினும் ஜூனிலிருந்து உட்காரும் இடம் அதுதான். அங்கே அம்மா பாயை விரித்தாள். ஜன்னல் கம்பியில் துணி காயப்போட்டாள். கரும்பலகைக்குக் கீழே யாரோ ஒரு குழந்தைக்குத் தூளி கட்டினார்கள்.

வெளியே மழை. உள்ளே குழம்பு வாசனை. சுவரில் தனிம வரிசை அட்டவணை தொங்கிக்கொண்டிருந்தது, அதன் ஆணியில் அப்பாவின் சட்டை.

•

சிரிக்கவும் செய்தோம். ஒரு நாள் சாயங்காலம் வி.ஏ.ஓ. வந்து பட்டியலைப் பார்த்து ஒவ்வொரு குடும்பமாகப் பேர் வாசித்தார். “பக்கிரிசாமி குடும்பம்” என்றார். பக்கிரிசாமி என் அப்பா. அப்பா வெளியே போயிருந்தார். நான் எழுந்து நின்று, கையைக் கட்டிக்கொண்டு, “உள்ளேன் ஐயா” என்றேன்.

பழக்கதோஷம். அந்த அறையில் பேர் வாசித்தால் வேறு என்ன சொல்வது. ஐந்து குடும்பமும் சிரித்தது. வி.ஏ.ஓ.வும் சிரித்துவிட்டு, “என்ன வகுப்பு படிக்கிற?” என்று கேட்டார். “இதாங்க சார் என் வகுப்பு” என்றேன். அதற்கு அவர் சிரிக்கவில்லை.

•

ஆறாம் நாள்தான் அது நடந்தது.

எங்கள் பள்ளி என்.எஸ்.எஸ். பெண்கள் சாப்பாட்டுப் பொட்டலம் கொடுக்க வந்தார்கள். தலைமையாசிரியர் அறைக்கு முன்னால் இரண்டு மேசை, இரண்டு வரிசை. நான் போய் நின்றேன். எனக்கு முன்னால் நாலு பேர் இருக்கும்போதுதான் மேசைக்குப் பின்னால் யார் என்று பார்த்தேன்.

ஆஃப்ரின்.

இஸ்திரி போட்ட சீருடை. மடிப்புக் கலையாத துப்பட்டா. அதில் என்.எஸ்.எஸ். பேட்ஜ். அவள் வீடு மேட்டுத் தெருவில், தண்ணீர் எட்டாத இடத்தில்.

நான் அம்மாவின் நைட்டியில் இருந்தேன். மூன்று நாள் வாராத தலை. கையில் ஒரு தூக்குவாளி.

அவள் நிமிர்ந்தாள். என்னைப் பார்த்தாள். பார்த்த உடனே குனிந்துகொண்டாள்.

நான் வரிசை மாறினேன். பக்கத்து மேசையில் பதினொன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி கொடுத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு என்னைத் தெரியாது. மூன்று பொட்டலம் வாங்கிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் நடந்தேன்.

புளிசாதம். நன்றாகத்தான் இருந்தது. என்னால் சாப்பிட முடியவில்லை.

மறுநாள் அம்மாவை அனுப்பினேன். அதற்கு மறுநாளும் அம்மாவையே. வயிற்று வலி என்றேன். இப்படித்தான் என் வகுப்பிலேயே நான் ஒளிந்துகொண்டிருந்தேன்.

•

தண்ணீர் வடிந்தது. வீட்டுக்குப் போனோம். பினாயில் ஊற்றிக் கழுவிப் பள்ளியைத் திறந்தார்கள்.

முதல் நாள், சேறு வார வேண்டும் என்றேன். உண்மைதான். வீட்டுக்குள் கணுக்கால் அளவு சேறு.

இரண்டாம் நாள், சீருடை காயவில்லை என்றேன். பாதி உண்மை. வெயில் சுள்ளென்று அடித்தது.

மூன்றாம் நாள் ஒன்றும் சொல்லவில்லை. சுவரில் புத்தகங்களைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தேன். அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் இறால் கம்பெனியில் தோல் உரிக்கிறவள். பத்து வருடமாக விரல் நுனிகள் வெளுத்துப் போனவள்.

“போறியா, இல்லியா? போவலன்னா சொல்லிடு. கம்பெனியில ஆளு கேக்குறாங்க. திங்கக்கெழமையிலேருந்து கூட்டியாறேன்னு சொல்லிடுறேன்.”

மிரட்டவில்லை. அம்மாவுக்கு மிரட்டத் தெரியாது. சும்மா கேட்டாள், பால் வாங்கட்டுமா என்பது போல. அதுதான் பயமாக இருந்தது.

“பாக்கலாம்” என்றேன்.

எனக்கு வேதியியல் பிடிக்கும். அதைச் சொல்ல வேண்டும். டாக்டர் ஆக வேண்டும், கலெக்டர் ஆக வேண்டும் என்றெல்லாம் இல்லை. ஒரு உப்பைக் கையில் கொடுத்து இது என்ன என்று கேட்பார்களே, அதைக் கண்டுபிடிக்கப் பிடிக்கும். படிக்க வராது என்று நான் வீட்டில் உட்காரவில்லை. கூச்சம்தான். அதற்கு வேறு பேர் வைக்க வேண்டியதில்லை.

அந்த ஜன்னல் கம்பியைப் பார்த்தால் எங்கள் துணி தெரியும். அந்தத் தரையைப் பார்த்தால் எங்கள் பாய் தெரியும். எனக்குத் தெரிவது நாற்பது பேருக்கும் தெரியும் என்று நினைத்தேன். ஆஃப்ரினுக்கு நிச்சயமாகத் தெரியும்.

•

நாலாம் நாள் வியாழக்கிழமை. காலையில் எழுந்தேன். சீருடை கொடியில் விறைத்துக் காய்ந்திருந்தது. இனி அதன்மேல் பழி போட முடியாது.

திங்கட்கிழமை என்று அம்மா சொன்ன சொல் காதிலேயே இருந்தது. இறால் நாற்றம் பிடிக்கவில்லை என்பதல்ல. அம்மா வாங்கித் தந்து நான் தின்ற சோறெல்லாம் அந்த நாற்றத்தில் வந்ததுதான். ஆனால் அங்கே யாரும் ஒரு உப்பைக் கொடுத்து இது என்ன என்று கேட்க மாட்டார்கள்.

போனேன்.

வகுப்பு வாசலில் ஒரே கூச்சல். என் பெஞ்சு எங்கே, உன் பெஞ்சு எங்கே என்று. வராந்தாவில் ஏற்றிய பெஞ்சுகளைத் திரும்ப இறக்கியபோது கண்டபடி மாற்றிப் போட்டுவிட்டார்கள். காம்பஸ் முனையால் பேர் செதுக்கிய பெஞ்சுகள். நாலு நாளாகியும் பாதி கிடைக்கவில்லையாம். எங்கள் மூன்றாம் பெஞ்சு பத்தாம் வகுப்பு ‘இ’யில் இருப்பதாகச் சொன்னார்கள். எங்கள் இடத்தில் கால் ஆடுகிற ஒரு பெஞ்சு கிடந்தது.

இடம் தொலைத்தவள் நான் ஒருத்திதான் என்று நினைத்திருந்தேன். வகுப்பே இடம் இல்லாமல் நின்றுகொண்டிருந்தது.

கடைசிப் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். முன்னால் இருந்த தமிழரசி திரும்பினாள். இப்போது கேட்பாள் என்று நினைத்தேன். கேட்டாள்.

“நீங்க இருந்தப்பதான் ஃபேன ரிப்பேர் பண்ணாங்களாமே, அப்படியாடி?”

நிமிர்ந்து பார்த்தேன். ஓடிக்கொண்டிருந்தது. ஜூனிலிருந்து ஓடாத மின்விசிறி. குழந்தைகள் புழுங்கிச் சாகிறார்கள் என்று எங்கள் தெருப் பெண்கள் சண்டை போட்டதில் ஆள் வந்து சரி செய்தான்.

“ஆமாம்” என்றேன்.

“நல்ல வேளடி” என்று திரும்பிக்கொண்டாள்.

அவ்வளவுதான். அதற்காக நான் மூன்று நாள் வீட்டில் இருந்தேன்.

•

ஆனால் ஆஃப்ரின் திரும்பவில்லை. இரண்டாம் பெஞ்சின் ஓரத்தில் இருந்தாள். என்னைப் பார்த்தாள், பிறகு பார்க்கவில்லை. முதல் பீரியட், இரண்டாம் பீரியட், மூன்றாம் பீரியட். அவள் பின்னல் மட்டும் எனக்குத் தெரிந்தது.

வேதியியல் மிஸ் வந்தார். திங்கட்கிழமை எல்லோரும் ரெக்கார்டு வைக்க வேண்டும், வைக்காவிட்டால் செய்முறைத் தேர்வு மதிப்பெண் கிடையாது என்றார். நனைந்தவர்கள் யாரிடமாவது வாங்கி எழுதிக்கொள்ள வேண்டுமாம். வகுப்பில் முழுதாக எழுதி முடித்தவள் ஒருத்திதான். அவள் பின்னல்தான் எனக்கு எதிரே இருந்தது.

சாப்பாட்டு மணி அடித்தது. எழுந்து போனேன்.

“ஆஃப்ரின். ரெக்கார்டு வேணும்.”

அவள் டிபன் மூடியைத் திறந்துகொண்டே சொன்னாள். “என்கிட்ட எதுக்குக் கேக்குற? பக்கத்து வரிசையில போய்க் கேளு.”

சுருக்கென்றது. எனக்கும் கோபம் வந்தது.

“நீதான் என்னப் பாத்ததும் குனிஞ்சிக்கின.”

“முட்டைய எடுக்கத்தான் குனிஞ்சேன். நிமிந்தா நீ இல்ல.”

மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

“என்ன முட்டை?”

“அன்னைக்கு மொத்தமே பதினாறு முட்டைதான் வந்துச்சி. சின்னப் புள்ளைங்களுக்கு மட்டும் குடுக்கணும்னு சார் சொன்னாரு. உனக்கு ஒண்ணு எடுத்து என் பையில போட்டு மேசைக்கடியில வச்சிருந்தேன். குடுக்கலாம்னு குனிஞ்சா, நீ பாட்டுக்கு அந்தப் பக்கம் போயிட்ட.”

“மறுநாள் எங்கம்மா வந்தாங்கல்ல. அவுங்ககிட்ட குடுத்திருக்கலாமே.”

“உங்கம்மாவுக்கா எடுத்து வச்சேன்?”

அவள் டிபனை ஓரமாகத் தள்ளிவிட்டுப் பையை இழுத்தாள்.

“ரெண்டு நாள் பாத்தேன். வருவ வருவன்னு. பையிலயே நாறிப் போச்சி. எங்கம்மா திட்டிக்கினே தொவைச்சாங்க. இன்னும் வாசன போவல, வேணும்னா மோந்து பாரு.”

பையை என் முகத்துக்கு நேராக நீட்டினாள். உண்மையாகவே நாறியது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. கெட்டுப்போன முட்டைக்காக அழுதவள் இந்த ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அவள் கொஞ்ச நேரம் முறைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு டிபன் மூடியில் பாதிச் சோற்றைத் தள்ளி என் பக்கம் வைத்தாள்.

“தின்னு. ரெக்கார்டு தரேன். ஏழாம் பக்கத்துல மிஸ் பென்சில்ல சுழிச்சிருக்காங்க. என்னா தப்புன்னு எனக்கே தெரியல. அப்படியே பாத்து எழுதிடாத.”

•

சாயங்காலம் வீட்டு வாசலில் உட்கார்ந்து எழுதினேன். புது நோட்டு. பேர் எழுதினேன், வகுப்பு எழுதினேன், பிரிவு எழுதினேன். வெயில் சாய்ந்து மஞ்சளாகக் கிடந்தது.

அம்மா கம்பெனியிலிருந்து வந்தாள். செருப்பைக் கழற்றாமல் நின்றாள்.

“திங்கக்கெழம கூட்டியாறேன்னு சொல்லிடட்டா?”

“திங்கக்கெழம ரெக்கார்டு வைக்கணும்மா.”

“அதுக்கு அடுத்த நாளு?”

“ஸ்கூலு.”

அம்மா கொடியில் கிடந்த துணிகளை ஒரு பக்கமாகத் தள்ளினாள். நோட்டின்மேல் வெளிச்சம் விழுந்தது. கை கழுவப் போய்விட்டாள்.

ஏழாம் பக்கம் வந்தது. உப்புப் பகுப்பாய்வு. சோதனை, காண்பன, அறிவன என்று மூன்று கட்டம். முதலில் செய்வதை எழுத வேண்டும். அடுத்து கண்ணால் கண்டதை. கடைசியில் அதிலிருந்து என்ன தெரிந்துகொண்டோம் என்பதை.

உப்பில் நீர்த்த அமிலத்தை ஊற்றியிருக்கிறாள். நுரைத்துப் பொங்கியது என்று எழுதியிருக்கிறாள். சரி. குளோரைடு என்று எழுதியிருக்கிறாள். அங்கேதான் மிஸ்ஸின் சுழி. பொங்கினால் அது கார்பனேட்டு.

கண்டது சரி. கண்டதை வைத்து முடிவு கட்டியதுதான் தப்பு. அது எனக்கு நன்றாகத் தெரிந்த தப்பு.

என் நோட்டில் சரியாக எழுதினேன். பிறகு பென்சிலை எடுத்து, அவள் நோட்டிலும் குளோரைடை அடித்துவிட்டு, பக்கத்தில் சின்னதாகத் திருத்தி வைத்தேன்.