பைப்படியில் உடைந்த குடம்

"கங்காணித் தாத்தா, பொம்பளைங்க பயந்தா அழுவுறாங்க. ஆம்பளைங்க பயந்தா என்ன பண்ணுவாங்க?"

மாரியாயி இதைக் கேட்டபோது அவளுக்கு முன்பற்கள் விழுந்திருந்தன. அய்யாவு மீசையைத் தடவிக்கொண்டு சிரித்தார். "ஆம்பளை எங்கடி பயப்படுறான்?"

கடல் கடந்து வந்த தண்டவாளக் கூலிகளை மேய்த்து ஓய்ந்த பழைய கங்காணி அவர். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே லயத்தில், அந்தக் கூலிவீட்டு வரிசையில், அவர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது.

அந்த ஆண்டுதான், 1918-இல், விஷக்காய்ச்சல் கிள்ளான் துறைமுகத்திலிருந்து ரயிலேறி வந்ததுபோல் வந்து இறங்கியது. காலையில் வேலைக்குப் போனவன் மாலையில் பாயில் விழுந்தான். பிறகு அந்தப் பாயோடு சுருட்டி மாட்டுவண்டியில் ஏற்றினார்கள்.

லயத்துக் கிழவிகள் பைப்படியில் ஒருத்தி தோளில் ஒருத்தி சாய்ந்து வாய்விட்டு அழுதார்கள். அழுது முடித்ததும் மூக்கைச் சிந்திவிட்டு, குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு போய் யார் வீட்டுக்காவது கஞ்சி காய்ச்சினார்கள். அய்யாவுவின் மனைவி பவுனம்மாளும் அப்படித்தான். கிழவர்களோ வாசலில் குந்தி, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சுருட்டுப் பிடித்தார்கள். அய்யாவுவின் நெஞ்சுக்குள் ஏதோ கிடந்து உதைத்தது. அதைப் பயம் என்று சொல்ல அவருக்கு நாக்கு வரவில்லை. கோபம் என்று வைத்துக்கொண்டார்.

"காய்ச்சல் வீட்டுக்காரங்க யாரும் இனிமே பைப்பைத் தொடக்கூடாது. ஆத்துல மொண்டுக்கட்டும்" என்றார். கிழவர்கள் தலையாட்டினார்கள்.

மறுநாளே வீரம்மா குடத்தோடு வந்தாள். பெற்றவர்களை இழந்த மாரியாயியை எடுத்து வளர்க்கும் கிழட்டு விதவை அவள்.

"அண்ணே, புள்ளைக்கு நாக்கு வறண்டு கெடக்கு. ஆத்துத் தண்ணி ஒரே சேறு. ஒரு குடம் மட்டும்ணே."

"தொடாதே. போ."

"இந்தப் புள்ளையத்தானே மடியில வெச்சு முறுக்கு ஊட்டுனீங்க?"

"போன்னா போடி!"

வீரம்மா போகவில்லை. குடத்தை நிரப்பி இடுப்பில் வைத்துத் திரும்பினாள். அய்யாவுவின் கைத்தடி குடத்தின் மேல் விழுந்தது. குடம் உடைந்து தண்ணீர் அவள் கால்வழியே ஓடியது.

பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். சுடுகாட்டில் செத்தவருக்காகப் பிள்ளை உடைக்க வேண்டிய குடம். உயிரோடு நிற்கிறவளுக்கு உடைத்துவிட்டாரே!

"எனக்குக் குடம் ஒடைக்க ஆம்பளைப் புள்ளை இல்லியேன்னு கவலைப்பட்டேன்" என்றாள் வீரம்மா. "நீங்களே ஒடைச்சிட்டீங்க. நல்லா இருங்கண்ணே." கொஞ்சம் தண்ணீர் தேங்கியிருந்த குடத்தின் அடிச்சில்லை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நடந்தாள்.

அன்று பவுனம்மாள் கணவன் அருகில் வந்து உட்கார்ந்தாள். "ஏங்க, பயமா இருந்தா எங்கிட்ட சொல்லி அழுங்களேன்."

"யாருக்குடி பயம்?" ஓங்கிய கை அவள் கன்னத்தில் இறங்கிவிட்டது. அவளை அவர் அடித்தது அதுவே கடைசி.

மாரியாயியைத் தூக்கிப் போனபோது பாய் பெரிதாக இருந்தது, அவள் சிறிதாக இருந்தாள். அதன்பின் பவுனம்மாள் விழுந்தாள். அவளுக்குப் பக்கத்திலேயே அய்யாவுவும் விழுந்தார்.

லயம் அவர் சட்டத்தை அவருக்கும் ஒழுங்காகவே நடத்தியது. ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. "தண்ணி, தண்ணி" என்று முனகிய பவுனம்மாள் விடிந்தபோது முனகவில்லை. கையெட்டும் தூரத்தில் கிடந்தும் அய்யாவுவால் புரள முடியவில்லை. வண்டிக்காரன் அவளை மட்டும் எடுத்துப் போனான்.

உச்சிப்பொழுதில் கண் திறந்தார். பின்கதவு ஒருக்களித்திருந்தது. தலைமாட்டில் ஒரு மண்சில்லு நிறையத் தண்ணீர். அந்த உடைந்த விளிம்பை அவருக்குத் தெரியும். உழக்குக்கும் போதாத அந்தச் சில்லில் கடவுள் ஓர் உயிருக்கு வேண்டியதை ஊற்றி வைத்திருந்தார். காலையும் மாலையும் அது நிறைந்தது. ஒருநாள் நிறையாமலே கிடந்தது.

சுவரைப் பிடித்து வெளியே வந்து வீரம்மாவைப் பற்றி அவர் கேட்டபோது, எதிர்வீட்டுப் பழனியப்பன் தூரத்தில் நின்றே பேசினான்.

"வீரம்மாக் கெழவியா? நேத்து ஏத்திட்டுப் போயாச்சு. நீங்க சொன்ன மாதிரியே ஒருத்தரும் கிட்டப் போகலை, கங்காணி!" அதில் பெருமை இருந்தது.

நடக்கத் தெம்பு வந்ததும் அய்யாவு பாசார்ச் சந்தையில் ஒரு புதுக்குடம் வாங்கினார். பைப்படியில் நிரப்பினார். பெண்சாதிக்குச் சடங்கு செய்யப் போகிறார் என்று லயம் நினைத்துக்கொண்டது.

இடுகாட்டில் ஆளில்லை. காய்ச்சலில் போனவர்கள் எல்லாரையும் ஒரே நீளக் குழியில் மூடியிருந்தார்கள். வீரம்மா எந்த இடத்தில் கிடக்கிறாள் என்பது தெரியவில்லை. குடத்தை இடது தோளில் வைத்துக் குழி முழுவதையும் சுற்றினார். பின்னால் நின்று குடத்தில் துளையிட வேறொருவர் வேண்டும். அங்கே யாரும் இல்லாததால், சுற்றுக்கு ஒருமுறை நின்று கல்லால் தானே கொத்தினார். தண்ணீர் முதுகில் வழிந்தது. அவர் வாய்விட்டு அழுதார், பைப்படிப் பெண்களைப் போலவே.

குடத்தைப் பின்னால் நழுவவிட்டார். உடைந்த சத்தம் கேட்டது. திரும்பிப் பார்ப்பது முறையல்ல, பார்க்காமல் நடந்தார். லயம் கண்ணுக்குத் தெரிந்ததும் நின்று, துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார்.