காப்பகம் வரைக்கும்

சாரம் சரிந்து மூன்றாவது மாடியிலிருந்து விழுந்ததில் பெயின்டருக்கு இடுப்பும் இடது காலும் நொறுங்கின. உயிர் மட்டும் ஏதோ யோசனையில் தங்கிவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தபோது மகளுக்கு எட்டு மாதம். மனைவி மருந்துக் கம்பெனியில் பெட்டி அடுக்கும் வேலைக்குப் போய்விடுவாள். கட்டிலில் அப்பன், கீழே பாயில் மகள். பக்கத்து வீட்டு அக்கா அவ்வப்போது வந்து இருவரையும் கவனித்துக்கொள்வாள்.

"ரெண்டு குழந்தைய வீட்ல விட்டுட்டுப் போறேன், கொஞ்சம் பாத்துக்கங்கக்கா" என்பாள் மனைவி. வேடிக்கைக்குத்தான் சொல்வாள். அவனுக்குச் சுருக்கென்று தைக்கும்.

பிசியோதெரபி செய்ய வாரம் ஒருமுறை வரும் பெண் கறாரானவள். இந்த மாதம் கட்டிலிலிருந்து ஜன்னல்வரை, அடுத்த மாதம் ஜன்னலிலிருந்து கதவுவரை என்று அளந்து கொடுப்பாள். அவன் வாக்கரைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்து எட்டு வைப்பான். மகள் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்பாள், தொப்பென்று உட்காருவாள், அவனைப் பார்த்துச் சிரிப்பாள்.

"சிரிக்கிறியா? யார் முதல்ல ஜன்னலத் தொடுறதுன்னு பாத்துடலாம், வா" என்பான் அவன்.

அவள்தான் தொட்டாள். ஒருநாள் காலை பத்து மணிக்குக் கட்டிலை விட்டுவிட்டு, கைகளை விரித்துக்கொண்டு, நாலு எட்டு. அவனுக்குத் தலைகால் புரியவில்லை. கூடவே நெஞ்சின் ஓரத்தில் பொறாமையாக ஏதோ ஒன்று கிள்ளியது. சீ, பெற்ற பிள்ளைமேலா என்று தன்னையே திட்டிக்கொண்டான். சாயங்காலம் மனைவியிடம் சொன்னபோது அவள் முகம் விழுந்துவிட்டது.

"நீங்களாச்சும் பாத்தீங்களே" என்றாள். அதில் சந்தோஷம் இருந்ததாக அவனுக்குத் தோன்றவில்லை.

அடுத்த மாதம் அது நடந்தது. அக்கா கதவைச் சரியாகச் சாத்தாமல் போய்விட்டாள். மகள் படிக்கட்டை நோக்கித் தத்தித் தத்திப் போவதை அவன் ஜன்னலோரம் நின்று பார்த்தான். நல்ல காலுள்ளவனுக்கு மூன்றே எட்டு. அவன் கத்தினான். கூப்பிடுகிறான் என்று நினைத்து அவள் திரும்பிச் சிரித்தாள். அப்படியே பின்பக்கமாக விழுந்து நாலு படி உருண்டாள். மோவாயில் மூன்று தையல்.

மனைவி தையலுக்கு மருந்து போட்டுவிட்டு வேலைக்குக் கிளம்பிப் போனாள். திட்டியிருந்தால் தேவலை. மறுவாரம் மைத்துனன்தான் வந்து சொன்னான்: "ரெண்டு தெரு தள்ளி, பிள்ளைங்களப் பகல்ல பாத்துக்கற காப்பகம் ஒண்ணு இருக்கு மாமா, பாப்பாவைச் சேத்தாச்சு. உங்களுக்கும் கொஞ்சம் ஓய்வு."

அதன் பிறகு அவனுக்குச் செய்திதான் வந்தது. தானாகச் சாப்பிட்டாளாம், பாட்டுக்கு ஆடினாளாம், இன்னொரு பிள்ளையைக் கடித்துவிட்டாளாம். எல்லாம் 'மிஸ் சொன்னாங்க' என்று மனைவி வாய்வழியே. சாயங்காலம் வீட்டுக்கு வரும்போதே குழந்தை கண் சொக்கிப் போயிருப்பாள்.

அவன் யாரிடமும் சொல்லாமல் ஒரு முடிவு எடுத்தான்: காப்பகம் வரைக்கும் நடப்பது. வாக்கரை விட்டுக் கைத்தடிக்கு வர நாலு மாதம். பதினாறு படிகளை இறங்கி ஏற இன்னும் மூன்று மாதம். பிறகு தெருவிளக்கு, மருந்துக்கடை, முனை. மனைவி வீடு திரும்புமுன் வந்து படுத்துக்கொள்வான்.

அந்த நாள் மூன்று மணிக்குக் கிளம்பினான். வழியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்து, சட்டையெல்லாம் நனைந்து, நாலேகாலுக்குப் போய்ச் சேர்ந்தான்.

மகள் பேரைச் சொன்னான். "நான் அவளோட அப்பா. கூட்டிட்டுப் போக வந்திருக்கேன்."

காப்பகத்துப் பெண் நோட்டைப் புரட்டினாள். "அம்மா, தாய்மாமன், ரெண்டு பேர்கிட்டதான் அனுப்பணும்னு இருக்கு. உங்க பேர் இல்லையே, சார்."

"அப்பன் பேர் எதுக்குங்க எழுதணும்?"

அவள் நோட்டைத் திருப்பிக் காட்டினாள். மனைவியின் குண்டு குண்டான எழுத்து. அடியில் கோடு போட்டு, 'வேறு யாரிடமும் அனுப்ப வேண்டாம்.'

பாவமாக இருந்ததோ என்னவோ, அந்தப் பெண் குழந்தையைக் கூட்டிவந்து காட்டினாள். "யாரு வந்திருக்கா பாரு!"

மகள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். வெயிலில், செருப்போடு, நின்றுகொண்டிருக்கும் ஆள்.

"அப்பா வீட்ல இருக்கு" என்று மிஸ்ஸுக்கு விளக்கிவிட்டு, விளையாட ஓடினாள்.

ஐந்தரைக்கு மனைவி வந்தாள். பெஞ்சில் அவனைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"நடந்தா வந்தீங்க?"

"எம் பேரை ஏன் எழுதல?"

"எழுதுனப்ப நீங்க நடக்கலைங்க."

"இப்ப நடக்கிறேன்ல. எழுது."

அவள் தரையைப் பார்த்தாள். பிறகு மெதுவாக, சண்டைக்காகக் கேட்பதுபோல் இல்லாமல், கேட்டாள்: "ரோட்ல அவ கையை உதறிட்டு ஓடுனா ஓடிப்போய்ப் பிடிப்பீங்களா? பிடிப்பேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. இப்பவே எழுதுறேன்."

பொய் சொல்லலாம் என்று வாய்வரை வந்தது. இடது தொடை கிடுகிடுவென்று ஆடிக்கொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் கைத்தடியை ஊன்றி எழுந்தான்.

திரும்பி நடக்கக் கால் எழவில்லை. அவள் ஒரு வண்டியைக் கூப்பிட்டு, முதலில் அவனைத் தோள் கொடுத்து ஏற்றினாள். வழி முழுக்க மகள் அம்மா மடியில் இருந்துகொண்டு அன்றைய கதையை மளமளவென்று சொன்னாள். அவனுக்குப் பாதி வார்த்தை பிடிபடவில்லை.

"என்ன சொல்றா?" என்றான்.

மனைவி ஒவ்வொன்றாகப் புரியும்படி எடுத்துச் சொல்லிக்கொண்டு வந்தாள்.