லாபத்தில் குறைந்தவள்

எடைமேடைக்காரருக்கு விளையாட்டில் லாபம் வந்த நாட்களில் அவர் மனைவி குள்ளமானாள். நஷ்டம் வந்த நாட்களில் வளர்ந்தாள். இதில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை, தெருவுக்கே தெரியும். விளையாட்டு என்பது செல்போனில் பங்குச்சந்தை ஆடுவது. சேருகிற எல்லோருக்கும் கம்பெனி பத்து லட்சம் பொய்ப்பணம் கொடுக்கும். அதை வைத்து நிஜமான விலையில் பங்குகளை வாங்கலாம், விற்கலாம். மூன்று மாத முடிவில் யாருக்கு லாபம் அதிகமோ அவருக்கு நிஜமான பரிசு: இரண்டு பேர் கப்பலில் உல்லாசப் பயணம் போய்வர டிக்கெட். எடைமேடைக்காரருக்கு லாரிகளை நிறுத்தி எடை பார்க்கும் வேலை. ஒரு லாரிக்கும் அடுத்த லாரிக்கும் நடுவே கூண்டு அறையில் உட்கார்ந்து ஈ ஓட்டிக்கொண்டிருந்த கை, போனைத் தட்ட ஆரம்பித்தது.

முதலில் கவனித்தவள் அவள்தான். வீட்டிலேயே பள்ளிச் சீருடை தைப்பவள்; அளவு விஷயத்தில் அவள் கண்ணில் மண்ணைத் தூவ முடியாது. நைட்டி தரையைக் கூட்டத் தொடங்கியதும் அதைப் பிடித்துத் தைத்தாள். வெட்டவில்லை. வளர்கிற பிள்ளைகளின் சட்டைக்குச் செய்வதுபோல், பின்னால் பிரித்துவிடலாம் என்று துணியை உள்ளே மடித்து விட்டாள். ஒருநாள் சந்தை படுத்துவிட, அலமாரியில் தலை இடிக்கும் அளவுக்கு வளர்ந்தாள். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. அவருக்குச் சோறு இறங்கவில்லை. அதற்கு அடுத்த வாரமே சந்தை எழுந்துகொண்டது, அவள் மறுபடி குள்ளமானாள். அவள் கம்பெனிக்குப் போன் செய்தாள். எடுத்த பெண் மிகவும் மரியாதையாக, "மேடம், எங்க விதிமுறையில உயரத்தைப் பத்தி ஒண்ணுமே இல்லையே" என்றாள். பிறகு தன் சேவைக்கு ஐந்து நட்சத்திரம் கேட்டாள்.

எடைமேடைக்காரர் நல்ல மனிதர் என்றுதான் தெருவில் இன்றைக்கும் பேச்சு. தெருவுக்கு என்ன, அதுவா குள்ளமானது? "பொய்ப்பணம்தானே, இதுக்குப் போய் ஏன் இப்படி அலட்டிக்கிறே?" என்று அவளிடம் சொன்னார். "போட்டி முடியட்டும். மொத்தத்தையும் ஒரே நாள்ல தோத்துடறேன். பழைய உயரம் என்ன, மேல ரெண்டு இஞ்ச் சேர்த்தே தர்றேன்." அவள் நம்பினாள். கப்பல் ஆசை அவளுக்கும் இருந்தது, மறைப்பானேன். தையல் இயந்திரத்தின் மிதிக்குக் கால் எட்டாமல் போனது. வாடிக்கைகள் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டன. அதே வீட்டில் இருந்த நாத்தனார், அவருடைய தங்கை, ஒரு பெரிய கடையில் முகப்பூச்சு விற்பவள். "அண்ணி, இனிமே உங்களுக்குத் துணிச் செலவே இல்ல!" என்று சிரித்தாள். ஒருமுறை அவளைக் கைப்பைக்குள் வைத்துக் கடைக்கு எடுத்துப்போய் எல்லோருக்கும் காட்டிவிட்டு வந்தாள். ஒரு சாண் ஆன அன்று அவளே அந்த நாத்தனாரைக் கூப்பிட்டு மடிப்புகளையெல்லாம் வெட்டச் சொன்னாள். அன்று அழுதாள்.

போட்டியின் கடைசி நாளில் அவர் முதலிடத்தில் இருந்தார், அவள் ஒரு விரல் நீளம் இருந்தாள். போட்டி முடிந்ததும் கணக்கைப் பூட்டிவிடுவார்கள், அதன்பிறகு தோற்க நினைத்தாலும் முடியாது என்று பக்கத்து வீட்டு டீச்சர் விதிகளைப் படித்துச் சொல்லியிருந்தார். கணவரிடம் கேட்டதற்கு, "அதை அப்புறம் பார்த்துக்கலாம்" என்றார். அவளுக்குப் புரிந்துவிட்டது. அவர் போனைச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டுக் கை கழுவப் போன நேரத்தில், அவள் தண்ணீர்க் குவளையின் மறைவிலிருந்து ஓடிவந்து போன்மேல் ஏறினாள். திரையின் அடியில் 'ஆட்டத்திலிருந்து விலகு' என்ற சிவப்புப் பொத்தான் இருந்தது. அது அமுங்கினால் லாபம் அத்தனையும் ஒன்றுமில்லாமல் போய்விடும், அவளுக்குப் பழைய உயரம் வந்துவிடும். அதன்மேல் நின்றாள். மிதித்தாள். எகிறி எகிறிக் குதித்தாள். அவளுக்கு எடையே இல்லை. ஆள் நிற்பது திரைக்குத் தெரியவில்லை. அவர் கையைத் துடைத்துக்கொண்டு திரும்பிவந்து கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "பாத்து, கீறல் விழப்போகுது" என்று சொல்லி, இரண்டு விரலால் அவளைத் தூக்கி உப்புக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

பரிசு வந்தது. இந்த அளவு ஆளுக்கு டிக்கெட்டே தேவையில்லை, ஆனால் காற்றடித்துக் கடலில் விழுந்தால் நாங்கள் பொறுப்பில்லை என்று கப்பல் அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். டிக்கெட்டை வீணாக்குவானேன் என்று நாத்தனார் பெட்டி கட்டினாள். டீச்சர் வீட்டில் மூக்குக்கண்ணாடிக் கூட்டில் படுத்துக்கொண்டு அவள் நாட்களைத் தள்ளினாள். திரும்பிவந்த நாத்தனார் போனைச் சுவரில் சாய்த்துவைத்துப் படம் படமாகக் காட்டினாள். கடல் அவளைவிட இரண்டு மடங்கு உயரமாக இருந்தது. "நல்லா இருக்கு" என்று மட்டும் சொன்னாள். வயிறு எரிந்தது.

அடுத்த போட்டி தொடங்கியது. எல்லோருக்கும் மறுபடி பத்து லட்சம். பழைய கணக்கு மறைந்ததால் தான் வளர்ந்துவிடுவோம் என்று காத்திருந்தாள், வளரவில்லை. முதல் நாள் காலையில், அவருடைய தோளில் அவள் உட்கார்ந்திருக்கும்போதே அவருக்கு நல்ல லாபம் வந்தது. அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். திறந்து பார்த்தால், உடுத்தியிருந்த துணி அப்படியே கச்சிதமாக இருந்தது; ஒரு நூலளவும் குறையவில்லை. அப்போது வாசலிலிருந்து நாத்தனாரின் குரல் கேட்டது.

"அண்ணா, என் ஷூ ரெண்டும் ஏன் இப்படி லூசா கிடக்கு?"

எடைமேடைக்காரரின் விரல் திரைக்குமேல் நின்றது. தங்கை விஷயம் என்றதும் முகம் வெளுத்துவிட்டது. மனைவிக்காக ஒருநாளும் அப்படி வெளுத்ததில்லை. தோளில் இருந்தவள் அதைப் பார்த்தாள். அவருடைய காது மடலைப் பிடித்து எழுந்து நின்று, உள்ளே வாயை வைத்துச் சொன்னாள். சொல்லும்போது அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

"என்னங்க, இன்னும் கொஞ்சம் வாங்குங்க."

அவர் தயங்கினார், வாசலைப் பார்த்தார், பிறகு வாங்கினார். நாத்தனார் ஷூவுக்குள் பஞ்சை அடைத்துக்கொண்டு, நேரமாகிவிட்டது என்று வேலைக்குக் கிளம்பிப் போனாள்.