ரீவைண்ட் கேட்காதீர்கள்

1

இந்தக் கதை ஒரு வேனுக்குள் பிறந்தது. 'புரோக்கன் லிஃப்ட்' என்ற இரண்டு பேர் இசைக்குழுவுக்கு, இங்கிலாந்தில் பிரிஸ்டலிலிருந்து ஊர் ஊராக வண்டி ஓட்டியவன் நான். முன் இருக்கையில் கார்ல்டன் குறட்டை விடுவான். பின்னால் லோர்னா ஆறிப்போன சிப்ஸைத் தின்றபடி ஜன்னலுக்கு வெளியே பார்ப்பாள். டிரம் அண்ட் பேஸ் என்கிற அந்த வேக நடன இசை அதிர அதிர அவர்களுடைய இளமை

[இந்த வாக்கியம் வேண்டாம். இளமையைப் பற்றி எழுத ஆரம்பித்தால் நான் நிறுத்தமாட்டேன், நீங்கள் பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள்.]

2

ஒரு வழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். டிரம் வேகமாக ஓடி, சட்டென்று நின்று, பேஸ் என்கிற அடித்தொனி இடியாக இறங்கும் இடம் ஒன்று உண்டு. அது பிடித்துப்போனால் கூட்டம் தடுப்புக் கம்பியைத் தட்டி "ரீவைண்ட்!" என்று கத்தும். இசைத்தட்டைக் கையால் பின்னுக்கு இழுத்து முதலிலிருந்து போட வேண்டும். அதைவிடப் பெரிய மரியாதை கிடையாது. மறுத்தால் திமிர் என்பார்கள்.*

* அவர்களுக்குப் பேர் வாங்கித் தந்த ஒரே பாட்டு 'கிரவுண்ட் ஃப்ளோர்'. இடி இறங்கும் இடம் வரை கார்ல்டன் செய்தது. அதற்குப் பின்னால் வருவது லோர்னா செய்தது. மேடையில் அதை இன்றுவரை யாரும் கேட்டதில்லை. இரண்டு தடவை இழுத்ததும் அடுத்த பாட்டுக்கு நேரமாகிவிடும். வானொலிக்காரர்களும் அங்கேயே வெட்டிவிடுவார்கள்.

1 (மறுபடியும். யாரும் கேட்காமலே இழுக்கிறேன், தொடக்கம் சரியில்லை.)

இந்தக் கதை லோர்னாவின் களைப்பில் பிறந்தது. குழுவின் கடைசி நிகழ்ச்சி, ஞாயிற்றுக்கிழமை மதியம், பூங்காவில். மேடைக்குப் பின்னால் இருவரும் காகிதக் கோப்பையில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"கார்ல்டன், இன்னிக்கு ஒரு தடவயாவது முழுசா ஓட விடுடா."

"கூட்டம் கேட்டா?"

"கேக்கட்டும்."

"கடைசி நாள் அதுவுமா மூஞ்சில அடிச்ச மாதிரி இருக்கும் லோர்னா. அதோட... உன் பார்ட் மெதுவா வருது. சனம் ஆடாம சும்மா நின்னுட்டா?"

"நிக்கட்டும். இருபது வருசமா நான் நின்னேன்ல, உன் பக்கத்துல, கையத் தட்டிக்கிட்டு?"

"எப்பப் பாரு இதையே..."

"எப்ப சொன்னேன்? இதான் முதல் தடவ."

அது உண்மைதான். அவன் மிச்ச டீயைப் புல்லில் ஊற்றிவிட்டு, "சரி, தட்டுல கை வைக்கல" என்றான். ["சத்தியமா" என்று சேர்த்திருந்தேன். கார்ல்டன் சத்தியம் செய்கிற ஆள் இல்லை, அடித்துவிட்டேன்.]

3

முடிவு, முதல் வரைவு: இடி இறங்குகிறது, கூட்டம் கத்துகிறது, பழக்கத்தில் கார்ல்டனின் கை தானாகப் போய்விடுகிறது. லோர்னா தன் மேலங்கியை எடுத்துக்கொண்டு வேனில் வந்து உட்காருகிறாள். எழுதிப் பார்த்தேன், எனக்கே ஆத்திரமாக வந்தது.

இரண்டாம் வரைவு: பாட்டு முழுதும் ஓடுகிறது, கூட்டமே அழுகிறது. சுத்தப் பொய். கையில் பீரோடு நிற்கிற பிரிஸ்டல்காரன் மத்தியானத்தில் அழமாட்டான்.

3 (இதற்கு மேல் இழுக்கத் தெம்பில்லை.)

இடி இறங்கிவிட்டது. காதடைப்பான் மாட்டிய பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்த பழைய ரசிகர்கள் கம்பியைத் தட்டுகிறார்கள். "இழுய்யா கார்ல்டன்! என்னய்யா தூங்குற? இழு!"

கார்ல்டன் லோர்னாவைப் பார்க்கிறான். இரண்டு கைகளையும் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொள்கிறான். சத்தம் இன்னும் கூடுகிறது.

அடுத்த வரியில் லோர்னாவின் பகுதி ஆரம்பிக்க வேண்டும். வேனில் அதை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். ஜனங்களுக்கு நடுவே கேட்டதே இல்லை, அதனால் எழுத வரவில்லை. இனி கூட்டம் நீங்கள்தான். முதலிலிருந்து வேண்டும் என்று மட்டும் தட்டாதீர்கள். லோர்னா கண்ணை மூடிக்கொண்டு காத்திருக்கிறாள். ஆடாவிட்டாலும் பரவாயில்லை, கொஞ்ச நேரம் சும்மா நின்று