அரை என்றால் எதில் அரை?

1

‘சைன் முப்பது என்றால் அரை’ என்று பள்ளியில் மனப்பாடம் செய்தேன். எதில் அரை என்று யாரும் சொல்லவில்லை. அந்தக் கேள்விதான் இந்தக் கதைக்குக் காரணம்.

போடிமெட்டுக்கு மேலே, 1911இல், மழை கொட்டிக்கொண்டிரு—

வேண்டாம். வெயிலடிக்கட்டும். அளப்பதற்கு மரத்தின் உச்சி தெரிய வேண்டும்.

2

ஏலத்தோட்டத்தில், காற்றில் அடிமரம் பிளந்த அயனி மரம் ஒன்று குடிசைப் பக்கம் சாய்ந்து நின்றது. உள்ளே கால் முறிந்து கிடந்தான் கன்னையன். அசைத்தால் சேர்ந்த எலும்பு விலகிவிடும் என்று வைத்தியர் எச்சரித்திருந்தார்.

“குடிசைக்கு எட்டாது ஆத்தா, வெட்டிர்றேன்,” என்றான் மரம்வெட்டி வீரணன்.

“எட்டுனா?” கன்னையனின் மனைவி மருதாயி வாசலை விட்டு நகரவில்லை.

பாதை அளக்கப் போடியிலிருந்து வந்திருந்த சுருளிவேல், சதுரக் காகிதம் ஒன்றை மூலைக்கு மூலை மடித்தான். (அவனை மேதையாக எழுதிப் பார்த்தேன்; அடித்துவிட்டேன். வேலை தெரிந்தவன், போதும்.) கீழ் விளிம்பைத் தரைக்கு மட்டமாகப் பிடித்து, மடிப்பின் வழியே உச்சியைப் பார்த்தான். நாற்பத்தைந்து பாகை. உச்சி எந்த இடத்தில் மடிப்போடு ஒட்டுகிறதோ, அங்கிருந்து மரத்துக்குள்ள தூரத்தோடு அவன் கண்ணின் உயரத்தையும் கூட்டினால் மரத்தின் உயரம். அந்த இடம் குடிசைக்கும் பின்னால் இருந்தது.

“எட்டும்,” என்றான்.

3

“அப்ப உச்சியில கயித்தக் கட்டி ஓரமா இழுப்போம்,” என்ற வீரணன் கயிற்றை விரித்துப் போய் நின்றான்.

“அண்ணே, மரம் உசரம் எவ்வளவோ அவ்வளவு தூரத்துலதான நிக்கிறீக? உச்சி உங்க தலையிலயே விழும்,” என்றான் சுருளிவேல்.

அவன் சமநீளக் குச்சிகள் மூன்றை முக்கோணமாக வைத்தான். ஒரு குச்சியின் நடுவிலிருந்து எதிர்மூலைக்குக் கோடு கீறினான். “இந்தப் பாதிக் குச்சி மரம். சாஞ்ச முழுக்குச்சி கயிறு. கோட்டு முனையில நாம.”

மருதாயி குனிந்து பார்த்தாள். “அப்ப மரத்தப்போல ரெண்டு மடங்கு கயிறு வேணும்.”

[அடிக்குறிப்பு: கோட்டு முனையில் உள்ள கோணம் முப்பது பாகை. மரம், கயிற்றில் அரை. நான் மனப்பாடம் செய்தது இதைத்தான்.]

பொதிமாட்டுக் கயிறுகளை மருதாயியே கொண்டுவந்து ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டாள்.

4

சோகமான முடிவு ஒன்றும் எழுதிப் பார்த்தேன். முடிச்சு நழுவி—

இல்லை. அது மருதாயி போட்ட முடிச்சு.

வீரணன் வெட்டினான். மற்ற இருவரும் தோட்டத்து ஆட்களோடு கயிற்றைப் பிடித்து இழுத்தார்கள். மரம் திரும்பி, குடிசையை விட்டு விலகி, இழுத்தவர்களுக்கு வெகு முன்னால் விழுந்தது.

புழுதிக்குள்ளிருந்து கன்னையனின் குரல்: “மருதாயி! இருக்கியாடி?”

அவள் கயிற்றைப் போட்டுவிட்டு ஓடினாள். உள்ளே என்ன பதில் சொன்னாள் என்று நான் எழுதப்போவதில்லை. படல் லேசாகத்தான் சாத்தியிருக்கிறது. வேண்டுமானால் நீங்கள் போய்க் கேட்டுக்கொள்ளுங்கள்.